கணிப்பொறிப் பெட்டி: எஞ்சிய காசுக்கு வாங்கும் பொருளா?

உறை செய்யும் கலையில் ஓசூருக்கு ஈடாக ஓர் ஊரைத் தமிழகத்தில் காட்டுவது அரிது. 1970-களில் சிப்காட் தொழில் வளாகம் இங்கே கால்கொண்டது. 1980-ஆம் ஆண்டு அசோக் லேலண்டு நிறுவனத்தின் ஓசூர்ப் பிரிவு தோன்றியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் எளிய மொபெட் இம்மண்ணிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் ஓடியது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கைகோத்துத் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம், 2002-இல் மூன்றரை மில்லிமீட்டர் தடிப்பே கொண்ட ‘எட்ஜ்’ கைக்கடிகாரத்தை ஓசூரில் உருவாக்கிக் காட்டியது. இன்று ஓசூரை அடுத்துள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெண்பிள்ளைகளும் பிற மாவட்டங்களிலிருந்து வந்தோருமாக ஆயிரக்கணக்கானோர் ஐபோனின் உலோக உறைகளைச் செய்கின்றனர்.

சரக்குந்தின் கூண்டு, வண்டியின் சட்டம், கடிகாரத்தின் கூடு, தொலைபேசியின் உறை ஆகிய யாவும் உள்ளிருக்கும் பொருளைக் காப்பதற்காகவே உள்ளன. உறை செம்மையாக இல்லாவிடில் உள்ளிருக்கும் இயந்திரம் நீடித்து வாழாது என்பதை இவ்வட்டாரத்துத் தொழிலாளி ஒவ்வொருவரும் அறிவார். ஆயினும் அதே தொழிலாளியின் மகனோ மகளோ வீட்டில் ஒரு கணிப்பொறியைத் தாமே பூட்டிக்கொள்ள முனையும்போது, பெட்டியைப் பற்றிய கவலை எவருக்கும் எழுவதில்லை. செயலிக்கு இவ்வளவு, நினைவகத்திற்கு இவ்வளவு, திரைக்கு இவ்வளவு என்று பணம் பிரித்தபின் கையில் மிஞ்சியதைக் கொண்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஒரு பெட்டியை வாங்கி வந்துவிடுகிறோம். இப்பழக்கம் மாற வேண்டும் என்பதும், கணிப்பொறிப் பெட்டியைக் கடைசியில் அன்று, முதலிலேயே எண்ணிப் பார்த்துத் தேர வேண்டும் என்பதும், அத்தேர்வை நம் ஊரின் வெயிலும் தூசியும் மின்சாரமும் முடிவு செய்ய வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெயரிலேயே ஒரு பிழை

தமிழ்த்துறை மலரில் இதைப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பெயரிலிருந்தே தொடங்குவோம். கடைகளில் இதனைக் ‘கேபினெட்’ என்பர். வீடுகளிலும் அலுவலகங்களிலுமோ மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்றே வழங்குகிறோம். சிபியு என்பது உண்மையில் உள்ளே இருக்கும் செயலியின் பெயர். தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு சில்லு அது. அடுப்பிலிருந்து பாலை இறக்கு என்று சொல்லிப் பாற்பாத்திரத்தை இறக்கச் செய்கிறோமே, அதைப் போன்றதே இதுவும். உள்ளிருக்கும் பொருளின் பெயர் அப்பொருள் இருக்கும் இடத்திற்கு ஆகிவருவதை நம் இலக்கணிகள் தானியாகுபெயர் என்றனர். அந்த வகையில் ‘சிபியுவைத் துடைத்து வை’ என்னும் வழக்கு இலக்கணத்துக்கு மாறானதன்று.

இலக்கணத்துக்கு மாறில்லை எனினும், இவ்வழக்கு நம் எண்ணத்தில் ஒரு குறையை உண்டாக்கிவிட்டது. பாத்திரத்திற்குத் தனிப் பெயர் இல்லாத வீட்டில் பாத்திரத்தைப் பற்றி யார் சிந்திப்பார்? பெட்டி, பேழை, கூடு, உறை என்று எத்தனையோ சொற்களை உடைய தமிழில், இவ்விரும்புக் கூட்டிற்கு மட்டும் ஒரு சொல் நிலைபெறாமற் போயிற்று. ‘கணிப்பொறிப் பெட்டி’ என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். எளிய சொல், எவர்க்கும் விளங்கும்.

பெட்டியின் வரலாறு

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. 1984-இல் அதன் அடுத்த வடிவமான ‘ஏ.டி.’ வந்தது. அவற்றைப் பார்த்துப் பிற நிறுவனங்களும் அதே அளவில் பலகைகளையும் பெட்டிகளையும் செய்யத் தொடங்கின. 1995-இல் இன்டெல் நிறுவனம் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் அளவுமுறையை வகுத்தது. தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டின் நீள அகலம், திருகு பொருந்தும் துளைகளின் இடம், மின்வழங்கி அமரும் மூலை, பின்புறத் திறப்பு ஆகியன யாவும் அதில் வரையறுக்கப்பட்டன. முழு அளவுப் பலகை 305-க்கு 244 மில்லிமீட்டர். 1997-இல் வந்த சிற்றளவான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244 மில்லிமீட்டர். 2004 வாக்கில் இன்டெல் நிறுவனமே ‘பி.டி.எக்ஸ்.’ என்னும் புதிய அளவுமுறையைக் கொணர்ந்து பழையதை மாற்ற முயன்று, ஈராண்டுகளில் அம்முயற்சியைக் கைவிட்டது. வகுத்தவராலேயே பெயர்க்க முடியாதபடி ஏ.டி.எக்ஸ். வேரூன்றிவிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து பொருள் வாங்குவோர் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. செயலி நான்கைந்து ஆண்டுகளில் பழையதாகிறது. நினைவகத்தின் வகை மாறுகிறது. கிராபிக்ஸ் கார்டு அதனினும் விரைவில் பின்தங்குகிறது. பெட்டியின் துளைகளோ முப்பது ஆண்டுகளாக இடம் மாறவில்லை. நன்கு தேர்ந்த ஒரு பெட்டி மூன்று தலைமுறைச் செயலிகளுக்கு வீடாக விளங்கும். அங்ஙனமிருக்க, நெடுநாள் உழைக்கக்கூடிய ஒரே உறுப்புக்கு மிகக் குறைந்த பணத்தையும் மிகக் குறைந்த சிந்தனையையும் ஒதுக்குவது எவ்வாறு சிக்கனமாகும்?

ஒரு நாள் பயணம்

நம் எல்லைப்புறத்து இளைஞர் பலர் கணிப்பொறி உறுப்புகளை வாங்கும் முறை எல்லோரும் அறிந்ததே. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர் சென்றால் எஸ்.பி. ரோடு என வழங்கும் சதர் பத்ரப்பா சாலை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் இந்தியும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேரம் நடக்கும் கடைவீதி அது. நான்கு மொழிகள் புழங்கும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வீதி அயலாகத் தோன்றுவதில்லை. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. எல்லையின் இருபுறமும் வரி விகிதம் ஒன்றாயிற்று. எனவே, வரிக்காக அக்கரை செல்ல வேண்டிய தேவை இன்று இல்லை. பொருளின் வகைக்காகவே செல்கின்றனர்.

செல்வதில் குறையில்லை. ஆனால் இந்தப் பயணத்தின் கடைசி அரைமணி நேரத்தில்தான் பெட்டி வாங்கப்படுகிறது. பேருந்துக்கு நேரமாகிறது, கையில் சில நூறுகளே எஞ்சியுள்ளன. ‘பெட்டியோடு மின்வழங்கியும் சேர்த்தே தருகிறோம்’ என்று கடையில் சொன்னால் அது பெரும் சலுகையாகத் தோன்றுகிறது. அந்தப் பணம் யாருடைய பணம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளியின் தீபாவளிப் போனசாக இருக்கலாம். மாந்தோப்புக் குத்தகையில் மிஞ்சியதாக இருக்கலாம். தாயின் குழுக்கடனாகவும் இருக்கலாம். அத்தகைய பணத்தில் வாங்கிய செயலியும் பலகையும் இரண்டாம் கோடையிலேயே தளர்ந்துபோனால், இழப்பு கணிப்பொறிக்கு மட்டுமன்று; அதை நம்பிப் படிப்பைத் தொடங்கிய பிள்ளைக்கும் உரியது.

வெப்பம் சொல்லும் கணக்கு

முதல் பகை வெப்பம். 1993-இல் வந்த முதல் பென்டியம் செயலி ஏறத்தாழ 15 வாட் மின்சாரம் உண்டது. இன்றைய மேசைக் கணிப்பொறிச் செயலிகளில் பொதுவானவை 65 வாட் என்று குறிக்கப்பட்டு, கடும் பணியின்போது அதனினும் மிகுதியாக உண்கின்றன. கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் பெட்டிக்குள் 300 வாட் செலவாவது இயல்பு. கணிப்பொறி உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. எனவே, 300 வாட் கணிப்பொறி என்பது 300 வாட் அடுப்பும் ஆகும்.

இவ்வெப்பத்தைக் காற்றுதான் சுமந்து வெளியேற்ற வேண்டும். நிமிடத்திற்கு 1.4 கனமீட்டர் காற்று பெட்டி வழியே சென்றால், 300 வாட் வெப்பத்தைச் சுமக்கும் அக்காற்று 11 பாகை செல்சியஸ் அளவு சூடேறி வெளிவரும். காற்று பாதியாகக் குறைந்தால் இவ்வேறுபாடு இரட்டிப்பாகும். கிருஷ்ணகிரியில் கோடைப் பிற்பகலில் அறையே 38 பாகை இருக்குமெனக் கொள்வோம். காற்றோட்டமுள்ள பெட்டியிலிருந்து வெளிவரும் காற்று 49 பாகை. மூச்சடைத்த பெட்டியில் 60 பாகை. செயலி 95, 100 பாகையை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெரும் விலை கொடுத்து வாங்கிய வேகம், பெட்டியின் குறையால் பகல் முழுதும் பயன்படாமற் போகிறது என்பதே இதன் பொருள். மேலும், தாய்ப்பலகையிலும் மின்வழங்கியிலும் உள்ள மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் பத்துப் பாகை உயரும்தோறும் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது மின்னணுப் பொறியாளர் கையாளும் பொது விதி.

ஓசூர் குளிர்ந்த ஊராயிற்றே என்பர். உண்மைதான், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கிருஷ்ணகிரியைவிட இங்கு வெயில் தணிவு. எனினும் அதே உயரத்தின் காரணமாக இங்குள்ள காற்று கடற்கரைக் காற்றினும் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்த காற்று குறைந்த வெப்பத்தையே சுமக்கும். ஆகவே ஓசூர்வாசியும் மெத்தனமாக இருத்தல் தகாது. அன்றியும், ஆலைப்பகுதி வாடகை வீடுகளில் கல்நார்த் தகட்டுக் கூரையும் தாழ்ந்த கான்கிரீட்டுக் கூரையும் பகலில் ஏற்படுத்தும் வெக்கையை வானிலை அறிக்கை சொல்வதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இன்டெல் நிறுவனம் பெட்டி செய்வோர்க்கு வழங்கிய நெறிமுறையில், அறை 35 பாகையாக இருக்கும்போது செயலியின் விசிறியை அடையும் காற்று 38 பாகைக்கு மிகாதிருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அறைக்கும் செயலிக்கும் இடையே மூன்று பாகை வேறுபாடே அனுமதி. பளபளக்கும் கண்ணாடியால் முகப்பை மூடி, ஓரத்தில் விரலளவு இடுக்கு மட்டும் விட்ட பெட்டிகளை இந்த அளவுகோலால் அளந்தால் எத்தனை தேறும்?

தூசி என்னும் இரண்டாம் பகை

காற்றை உள்ளே விட்டால் அதனோடு தூசியும் வரும். நம் வட்டாரத்துத் தூசி தனித்தன்மை உடையது. கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி பகுதிகளில் கருங்கல் அறுக்கும் பட்டறைகளின் கல்மாவு. தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் சரக்குந்துகளின் புழுதி. ஓசூரைச் சுற்றி ஓயாது எழும் கட்டடங்களின் சிமெண்டு. சிறு பட்டறைகளின் சாணைத்துகள். கல்மாவு விசிறியின் தாங்கிகளைத் தேய்க்கும். இழைத்தூசி குளிர்விப்பான் இடுக்குகளில் போர்வைபோற் படியும். சாணைத்துகளில் இரும்பு உண்டாகலின், அது பலகையின் மீது படிவது மின்கசிவுக்கு இடமளிக்கும்.

இதற்குத் தீர்வு காற்றை அடைப்பதன்று. வடிகட்டி உள்ளே விடுவது. பெட்டியின் முகப்பிலும் அடியிலும் கழற்றிக் கழுவத்தக்க வலை வடிகட்டி இருத்தல் வேண்டும். அடுத்து, உள்ளே காற்றை இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளும் விசிறிகளைவிடச் சற்று மிகுதியாக இருத்தல் நன்று. முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்பது எளிய அமைப்பு. அப்போது பெட்டிக்குள் அழுத்தம் சிறிது கூடி, இடுக்குகள் வழியே காற்று வெளியே கசியுமேயன்றி உள்ளே நுழையாது. நுழைவதெல்லாம் வடிகட்டி வழியாகவே நுழையும். விசிறிகளை மாறித் திருப்பி, வெளித்தள்ளுவதையே மிகுதியாக்கினால், ஒவ்வோர் இடுக்கும் தூசிக்கு வாயிலாகும். 120 மில்லிமீட்டர் விசிறி, பழைய 80 மில்லிமீட்டர் விசிறியைவிட மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தரும்; ஓசையும் குறையும்.

இன்னொன்றும் உண்டு. பின்புறத்தில் பயன்படாத கார்டுகளுக்கான இடைவெளிகளை மூடும் தகடுகளைச் சில மலிவுப் பெட்டிகளில் ஒருமுறை பெயர்த்தால் மீண்டும் பொருத்த முடியாது. திறந்த அவ்விடம் எறும்புக்கும் பல்லிக்கும் வாசலாகிறது. மின்வழங்கியில் பல்லி நுழைந்து தானும் மடிந்து கணிப்பொறியையும் மடிவித்த கதையைப் பழுதுபார்ப்போர் யாரிடம் கேட்டாலும் சொல்வர். திருகிட்டு மூடும் தகடுகள் உள்ள பெட்டியையே கேட்டு வாங்குக.

தொட்டால் சுருக்கென்று குத்துவது ஏன்?

மூன்றாவது செய்தி மிக முதன்மையானது. கடைகளில் எவரும் பேசாதது. கணிப்பொறிப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று மின்சாரம் ஏறுவதைப் பலர் உணர்ந்திருப்பர். ‘ஈரக்கையோடு தொட்டாய்’ என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதோடு வீட்டார் அதை மறந்துவிடுகின்றனர். காரணம் வேறு. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியின் வாயிலில், இரைச்சலை வடிப்பதற்காக இரு மின்கம்பிகளுக்கும் இரும்புப் பெட்டிக்கும் இடையே சிறு மின்தேக்கிகள் வைக்கப்பட்டுள்ளன. வீட்டில் எர்த் இணைப்புச் செம்மையாக இருந்தால் அக்கசிவு மண்ணுக்குள் சென்றுவிடும். எர்த் இல்லையேல், 230 வோல்ட்டில் பாதியளவு, அதாவது 115 வோல்ட் அளவில் பெட்டி மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது ஆதலால் அது தானே உயிரைப் பறிப்பதில்லை. ஆயினும் திரையையோ அச்சுப்பொறியையோ இணைக்கும் கணத்தில் நுண்ணிய சில்லுகளைக் கெடுக்கக்கூடும். மின்வழங்கியில் உண்மையான பழுது நேரும் நாளில், மின்சாரம் மண்ணுக்குச் செல்ல வழியின்றிப் பெட்டியிலேயே நிற்கும். தொடுபவர் உடலே அப்போது வழியாகிவிடும்.

தொழிலாளர் தங்கும் வரிசை வீடுகள் பலவற்றில் மூன்று துளைச் செருகி சுவரில் இருக்கும். மூன்றாம் துளைக்குப் பின்னே கம்பி இராது. நீட்டிப்புப் பலகையின் எர்த் முள்ளை முறித்துவிட்டு இரண்டு துளைச் செருகியில் திணிப்பாரும் உளர். ஆகவே, பெட்டி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை மின்பணியாளருக்குக் கொடுத்து எர்த்தைச் சோதித்துக்கொள்வது முதற்கடன். அடுத்தது, பெட்டியின் தகடும் மின்வழங்கியும் தாய்ப்பலகையின் பித்தளைத் தாங்கிகளும் ஒன்றோடொன்று நன்றாக உலோகத்தால் தொடர்புற வேண்டும். உட்புறம் முழுதும் தடித்த வண்ணம் பூசி, திருகிடும் இடத்திலும் வண்ணம் படிந்திருந்தால் அத்தொடர்பு குன்றும். பித்தளைத் தாங்கிகளும் பலகையில் துளை உள்ள இடங்களில் மட்டுமே இருத்தல் வேண்டும். துளையற்ற இடத்தில் ஒன்று நின்றாலும் பலகையின் அடிப்புறத்தை உரசிக் குறுக்குச்சுற்று உண்டாக்கும்.

‘இலவச’ மின்வழங்கியைப் பற்றியும் ஒரு சொல். மேலட்டையில் 450 வாட் என்று அச்சிடுவது எளிது. அதனைத் தொடர்ந்து வழங்குவது கடினம். கையில் எடுத்தால் காற்றுப்போல் இலேசாக இருக்கும் மின்வழங்கியில், இருக்க வேண்டிய சுருள்களும் வடிப்பான்களும் இல்லை என்று ஐயுறலாம். 2004-இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ என்னும் சான்று, வாங்கிய மின்சாரத்தில் குறைந்தது நூற்றுக்கு எண்பது பங்கைப் பயனாகத் தருவதைக் குறிக்கிறது. பெட்டியைத் தனியாகவும் சான்றுபெற்ற மின்வழங்கியைத் தனியாகவும் வாங்குவதே அறிவுடைமை.

கண்ணாடியும் வண்ண விளக்கும்

இன்று இளைஞர் மனத்தைக் கவர்வன பக்கக் கண்ணாடியும் உள்ளே ஒளிரும் வண்ண விளக்குகளும் ஆகும். அழகை விரும்புவது குற்றமன்று. தன் கையால் பூட்டிய இயந்திரத்தை நாலு பேர் காண வேண்டும் என்னும் ஆசை, கைத்தொழில் அறிந்த எவருக்கும் இயல்பானதே. பக்கத்தில் கண்ணாடி இருப்பதால் பெருங்கேடு ஏதுமில்லை. முகப்பில் வலை இருக்கும்வரை காற்று வந்துகொண்டுதான் இருக்கும். எம் மறுப்பு முகப்பையும் கண்ணாடியால் மூடும் பெட்டிக்கு மட்டுமே. அழகுக்காக மூக்கை அடைத்துக்கொள்வாரில்லை.

மடிக்கணிப்பொறி இருக்கப் பெட்டி எதற்கு என்பாரும் உண்டு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறிகளை வழங்கத் தொடங்கியதால், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த இலட்சக்கணக்கானோர் கைகளில் கணிப்பொறி முதன்முறையாக அமர்ந்தது. அந்நன்மையை எவரும் மறுக்கவியலாது. தூக்கிச் செல்ல வேண்டியவர்க்கு அதுவே ஏற்றது. ஆனால் மடிக்கணிப்பொறியின் உடல் அந்த ஒரு பலகைக்கே அளந்து தைத்த சட்டை. பலகை போனால் சட்டையும் வீண். பெட்டியோ எவர்க்கும் பொருந்தும் வீடு. குடியிருப்பவர் மாறலாம், வீடு நிற்கும்.

தொலைபேசி உறையைச் செய்யும் நம் மாவட்டத்துக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்க வேண்டும். மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கையும் பிழையாகக் கருதும் நுட்பத்தோடு அவ்வுறை செய்யப்படுகிறது. வியத்தகு திறன் அது. எனினும் அதைச் செய்த பெண் அதனைத் திறந்து உள்ளே ஓர் உறுப்பை மாற்ற எண்ணினால் எளிதில் இயலாது. கணிப்பொறிப் பெட்டியின் மூடியை ஒரு திருப்புளியால் பத்தாம் வகுப்பு மாணவியும் கழற்றலாம். எது எங்கே இருக்கிறது, எது எதனோடு இணைகிறது என்று கண்ணால் கண்டு கையால் தொட்டுக் கற்கலாம். அந்த வகையில் பெட்டி ஒரு பள்ளிக்கூடமும் ஆகும்.

தேரும் முறை

கடைக்குச் செல்லுமுன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்க: தாய்ப்பலகையின் வகை, கிராபிக்ஸ் கார்டின் நீளம், செயலிக் குளிர்விப்பானின் உயரம். இவை மூன்றும் பெட்டியின் விளக்கக் குறிப்பில் உள்ள அளவுக்குள் அடங்க வேண்டும். இன்று கார்டு வாங்காவிடினும் நாளை வாங்க இடம் இருக்கட்டும்.

கடையில் பெட்டியின் பக்கத் தகட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்துக. தகரடப்பாபோல் உள்வாங்கினால் அது அரை மில்லிமீட்டருக்கும் மெலிந்த தகடு. விசிறி சுழலும்போது அதிரும். முக்கால் மில்லிமீட்டர் தகடு கைக்கே வேறுபாடு காட்டும். உட்புற விளிம்புகளில் விரலை மெல்ல ஓட்டுக. மடித்துவிடாத விளிம்பு கையைக் கிழிக்கும். முகப்பை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் வலையின் வழியே ஒளி தெரிகிறதா என்று பார்க்க. ஒளி நுழையாத இடத்தில் காற்றும் எளிதில் நுழையாது. வடிகட்டியைக் கருவியின்றிக் கழற்றிக் காட்டச் சொல்க. இத்தனைக்கும் ஐந்து நிமிடம் போதும். அதனால் பயணத்தின் தொடக்கத்திலேயே இதைச் செய்க.

வீட்டில் வைக்கும் இடமும் தேர்வின் பகுதியே. தரையிலிருந்து ஒரு சாண் உயரமாவது தூக்கி வைக்க. துடைப்பம் எழுப்பும் புழுதி முழங்காலுக்குக் கீழேதான் மிகுதி. சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைக்க. மரப் பேழைக்குள் பூட்டி வைப்பதும் துணிப்போர்வையால் மூடிக்கொண்டே இயக்குவதும் வேண்டா. திங்கள் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, நன்கு உலர்ந்தபின் பொருத்துக.

நம் பட்டறைகள் செய்யலாகாதா?

இறுதியாக ஒரு விழைவு. சிட்கோ தொழிற்பேட்டையிலும் சிப்காட்டின் சுற்றுப்புறங்களிலும் தகடு வெட்டி, மடித்து, துளையிட்டு, வண்ணம் சுடும் சிறு தொழிலகங்கள் நிறைந்துள்ளன. வண்டிக்கும் மின்பலகைக்கும் அவை செய்யாத உறை இல்லை. ஏ.டி.எக்ஸ். அளவுமுறையோ எவரும் படித்துப் பயன்படுத்தத்தக்கது. கல்மாவு நுழையாத வலை, நாற்பது பாகையிலும் மூச்சுவிடும் முகப்பு, பல்லி புகாத பின்புறம், எர்த் கம்பியை நேரே பூட்டத்தக்க ஒரு தனித் திருகு, முக்கால் மில்லிமீட்டர் தகடு ஆகியவற்றோடு, விளக்கும் கண்ணாடியும் இல்லாத ஓர் எளிய பெட்டியை நம் தொழில்முனைவோர் செய்தால், அதை முதலில் வாங்க வேண்டியவர்கள் நம் கல்லூரிகளின் கணிப்பொறிக் கூடங்களே. ஒரு கூடத்திற்கு நாற்பது, ஐம்பது பெட்டி என்று கேட்பு எழுந்தால் சிறு பட்டறைக்கு அது நல்ல தொடக்கம். குளிர்நாட்டு அறைகளை எண்ணி வடிவமைத்த பெட்டிகளையே என்றும் நாம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. தொழிற்பயிற்சி நிலையம், பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களின் செய்முறைத் திட்டமாகவும் இதனைத் தொடங்கலாம்.

அதுவரை, மாணவச் செல்வங்களே, ஒன்றை மனத்திற் கொள்க. கணிப்பொறி வாங்கப் பட்டியல் எழுதும்போது முதல் வரியில் பெட்டியை எழுதுங்கள். அதற்குரிய பணத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். செயலியில் ஒரு படி குறைந்தாலும் குற்றமில்லை. ஈராண்டு கழித்து அதை மாற்றிக்கொள்ளலாம். காற்றும் காப்பும் உள்ள பெட்டி உங்களோடு கல்லூரி முடித்து, வேலைக்குச் சென்று, பின்னர் உங்கள் தம்பி தங்கையர்க்கும் பயன்படும். பெற்றோரின் உழைப்புக்கு நாம் காட்டும் மதிப்பு, அவர்கள் பணத்தில் வாங்கிய பொருளை நீண்டகாலம் வாழவைப்பதிலும் அடங்கியுள்ளது.